கார்ல் ஏக்லியின் சரிதை

இந்நாளில் கீழை ஆப்பிரிக்காவுக்கு விடுமுறைப் பிரயாணம் செய்வோர், மோட்டார் வண்டியில் அமர்ந்தவாறே, சிங்கம் தன் குட்டிகளோடு மரநிழலிற் படுத்திருப்பதையும், யானைக் கூட்டம் நீர்த்துறையை நாடி வருவதையும், வரிக்குதிரைகள் ஆயிரக்கணக்கில் மேய்வதையும் கண்டு, படம் பிடித்துக்கொண்டு இல்லம் மீள்கின்றனர். இப்பிரயாணத்திற்குச் சபாரி என்று பெயர். அது சுவாகிலி மொழிச் சொல். அரபு மொழியினின்றும் அங்குச் சென்றது. பிரயாணம் என்பதே அதன் பொருள். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்ச் சபாரி சென்றோர் துப்பாக்கி ஏந்திச் சென்றனர். கூடாரமும் அரிசியும் மாவும் தோட்டாப் பெட்டியும் சுமந்து நூற்றுக்கணக்கான கூலியாட்கள் வரிசையாய் நடப்பர். பிரபு முன்னே செல்வார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராயிருந்த தியோடர் ரோஸ்வெல்ட், பதவியினின்று நீங்கிய 1909-ஆம் ஆண்டிலேயே ஆப்பிரிக்கா சென்று, தாமும் தம் மகனுமாக 512 விலங்குகளையும் பறவைகளையும் சுட்டார். உலகம் அதனை வியந்து பேசிற்றேயன்றி ஒருவரும் பெரிதாகக் குறைகூறினாரல்லர். கொன்றவனே கண்டவன் என்பது அக்காலத்தார் கொள்கை.

அக்கொள்கை தேய்ந்ததற்குக் காரணராயிருந்தோர் பலர். அவருள் ஒருவரான கார்ல் ஈதன் ஏக்லி என்பாரின் சரிதையை ஈண்டு எழுதப் புகுகின்றோம். இவர் துப்பாக்கியை வெறுத்துப் பிறந்தவரல்லர். விலங்குகளைக் கொன்று, தோலுரித்து, பாடஞ்செய்து நிறுத்துவதே இவருடைய ஜீவனம். அத்தொழிலை உலகில் இவரினும் சிறப்பாகச் செய்தார் எவருமிலர் என்று சொல்வதும் மிகையாகாது. ஆதலினாலேயே இவர் கடைசியாகச் செய்த காரியம் நம் கவனத்துக்கு உரியதாகின்றது.

இவர் 1864-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் நியூயார்க் மாகாணத்தில் கிளாரண்டன் என்னும் சிற்றூருக்கு அண்மையில், ஒரு குடியானவர் வீட்டிற் பிறந்தார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. அயல்வீட்டு அம்மையார் ஒருவர் செல்லமாய் வளர்த்த கேனரிப் பறவை இறந்துபோக, சிறுவர் ஏக்லி அதன் தோலை உரித்துப் பாடஞ்செய்து, உயிருள்ளதுபோல் அமைத்துக் கொடுத்தார் என்பர். பத்தொன்பதாம் வயதில், ராச்செஸ்டர் நகரத்தில் வார்டு என்பவர் நடத்திவந்த இயற்கைப்பொருட் சாலையில் வேலைக்கு அமர்ந்தார். அமெரிக்கக் காட்சிச்சாலைகள் பலவற்றுக்கு எலும்புக்கூடுகளும் பாடஞ்செய்த விலங்குகளும் அனுப்பியது அச்சாலையே. வாரச் சம்பளம் மூன்றரை டாலர். உண்டியுறையுளுக்கோ நான்கு டாலர் வேண்டியிருந்தது.

அங்கு அவர் கண்ட தொழில்முறை அவருக்கு அருவருப்பாயிருந்தது. மான் ஒன்றன் தோலைத் தைத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வைக்கோலும் கந்தையும் மரத்தூளும் இனிக் கொள்ளாது என்னும் அளவுக்குத் திணிப்பர்; பின் நிமிர்த்துக் கால்களைக் கம்பியால் நிறுத்துவர். அது மானாகவும் இராது, மூட்டையாகவும் இராது. நம் சென்னை நகரத்துப் பொதுஜனங்கள் பொருட்காட்சிச்சாலையைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சிச்சாலையை உயிர்க்காலேஜ் என்றும் வழங்கிவந்தது நேயர்கள் அறிந்ததே. அந்நாளில் உலகத்துக் காட்சிச்சாலைகள் எல்லாவற்றுக்கும் அப்பெயர் பொருந்தும். செத்த காலேஜில் உயிர்க்களை உண்டாக்குவதையே ஏக்லி தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். 1885-ஆம் ஆண்டில், பார்னம் என்பாருடைய சர்க்கஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஜம்போ என்னும் புகழ்பெற்ற யானை, கனடா நாட்டில் புகைவண்டி மோதி மாண்டது. அதனைப் பாடஞ்செய்யும் வேலையில் இவரும் ஈடுபட்டார். அதனால் யானைத்தோலின் இயல்பை நன்கு கற்றார்.

பின்னர் மில்வாக்கி நகரத்துப் பொருட்காட்சிச்சாலையில் பணியாற்றி, 1890-இல் மஸ்க்ராட் என்னும் நீரெலியினத்தை, அது வாழும் சேற்றுநிலம், நாணல், வளை, நீர்ப்பரப்பு ஆகியவற்றோடு ஒருங்கே காட்டும் காட்சி ஒன்றை அமைத்தார். விலங்கைத் தனியே மரப்பலகைமேல் நிறுத்தாமல் அதன் வீட்டோடு சேர்த்துக் காட்டுவது அந்நாளில் புதுமை. சிகாகோ நகரத்துப் பீல்டு காட்சிச்சாலைக்கு மாறியபின், ஒரு மான் குடும்பத்தை இளவேனில், முதுவேனில், கூதிர், பனி என்னும் நான்கு பருவங்களிலும் காட்டும் நான்கு காட்சிகளைச் செய்தார். அவற்றின் மரங்களுக்கு வேண்டிய பல்லாயிரம் இலைகளை மெழுகால் ஒவ்வொன்றாக வார்த்தவர் அவருடைய மனைவியார் டீலியா. அம்மையாரின் பெயரைப் பலர் விட்டுவிடுகின்றனர், அது முறையன்று.

அவர் கண்டுபிடித்த முறையைச் சிறிது விரித்துரைப்போம். விலங்கு வீழ்ந்தவுடனே அதன் உடலைப் பல இடங்களில் அளந்து குறித்துக்கொள்வார், முகத்துக்குச் சுண்ணச்சாந்தால் அச்சு எடுப்பார், படம் பிடிப்பார். ஊர் மீண்டபின், அவ்விலங்கின் எலும்புகளையே சட்டமாக நிறுத்தி, அவற்றின்மேல் களிமண்ணால் ஒவ்வொரு தசைநாரும் தெரிய, ஓடும் நிலையிலோ நிற்கும் நிலையிலோ உருவம் வனைவார். சிற்பியின் வேலைக்கும் இதற்கும் வேறுபாடில்லை. அவ்வுருவத்துக்கு அச்செடுத்து, அதனுள் கம்பிவலையும் காகிதக்கூழும் பசையும் கொண்டு, மெல்லியதும் உறுதியானதுமான கூடு ஒன்றை வார்ப்பார். பதனிட்ட தோல் அக்கூட்டின்மேல், உயிருள்ள உடலிற் படிந்ததுபோற் படியும். ஒரு மடிப்பும் பொய்யாயிராது. இவருக்குப் பின் காட்சிச்சாலைகளிற் கைக்கொள்ளப்பட்ட முறைக்கெல்லாம் இதுவே மூலம்.

ஆப்பிரிக்காவை அவர் முதன்முதற் கண்டது 1896-இல். சோமாலிநாட்டிலே மறைந்துவரும் விலங்கினங்களைச் சேகரித்தற்பொருட்டுப் பீல்டு காட்சிச்சாலை அனுப்பிய கூட்டத்தில் அவரும் சென்றார். அங்கு நிகழ்ந்ததே பலரும் அறிந்த சிறுத்தைக் கதை. மாலை மங்கிய வேளையிற் புதரில் ஏதோ அசைய, இன்னதென்று தெளியாமலே சுட்டார், அது சிறுத்தை. காயமுற்ற அவ்விலங்கு அவர்மேற் பாய்ந்தது. தொண்டையைப் பற்றவேண்டிய பற்கள் வலக்கையைப் பற்றின. துப்பாக்கி எங்கோ வீழ்ந்தது. அவர் கையை வெளியே இழுப்பதை விடுத்து, மேன்மேலும் அதன் தொண்டைக்குள்ளே திணித்தார். இருவரும் மண்ணில் வீழ்ந்தபோது அவர் மேலேயும் சிறுத்தை கீழேயும் இருக்க, முழங்கால்களால் அதன் மார்பை அழுத்தி, விலா எலும்புகள் முறியும்வரை விடாதிருந்தார். ஏறக்குறைய எண்பது இராத்தல் நிறையுள்ள அச்சிறுத்தை அவ்வாறே மாண்டது. மாண்ட சிறுத்தை பக்கத்திலே தொங்க, கட்டுக்கட்டிய கையுடன் அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் பல நூல்களிற் காணப்படுகின்றது. அவரைப் புகழ்வோர் இக்கதையோடு நின்றுவிடுகின்றனர். உயிர்தப்பியதன்றி அதில் வேறு பெருமை இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

1905-ஆம் ஆண்டில் மனைவியாருடன் மறுமுறையும் சென்றார். சிகாகோவில் இன்றும் நிற்கும், ஒன்றோடொன்று பொரும் இரு களிறுகள் அப்பிரயாணத்தில் கிடைத்தவை. அவற்றுள் ஒன்றைச் சுட்டவர் டீலியா அம்மையாரே. 1909-இல், நியூயார்க் நகரத்து அமெரிக்க இயற்கைப்பொருட் காட்சிச்சாலைக்கு யானைக் கூட்டமொன்று அமைத்துத் தரும்பொருட்டு மூன்றாம்முறை புறப்பட்டார். ரோஸ்வெல்ட் அப்போது அந்நாட்டிலேயே இருந்தமையால் இருவரும் சந்தித்தனர். அவரும் அக்காட்சிக்காகச் சில யானைகளைச் சுட்டுக் கொடுத்தார்.

மறு ஆண்டு, கென்யா மலைச்சாரலில் மூங்கிற்காட்டிடையே களிறுகளின் தடம் பற்றிச் சென்றபோது, பின்புறத்தே ஒரு யானை நிற்பதை உணர்ந்து திரும்பினார். துப்பாக்கியின் தடைத்தாழ் அசையவில்லை. அடுத்த கணத்தில் ஒரு தந்தம் அவர் மார்புக்கு நேரே வந்தது. அதனை இடக்கையாலும் மற்றையதை வலக்கையாலும் பற்றி, இரண்டுக்கும் இடையே உடலைச் செலுத்திக்கொண்டு தரையில் வீழ்ந்தார். இவ்வாறு செய்யவேண்டும் என்று அவர் முன்னமே பலகாலும் மனத்திற் பழகியிருந்தாராம். தந்தங்கள் நிலத்துட் புதைந்து, வேரோ கல்லோ தடுக்க நின்றுவிட்டன. இல்லையேல் அவர் நசுங்கியிருப்பார். எனினும் மூக்கு முறிந்தது, கன்னம் கிழிந்தது, விலா எலும்புகள் சிதைந்து நுரையீரலைத் துளைத்தன. உடன்சென்றோர் அவர் இறந்தாரென்றே எண்ணினர். இறந்தவரைத் தீண்டலாகாது என்னும் வழக்கமுடையராதலின், குளிரிலும் மழையிலும் நெடுநேரம் அவரைக் கிடந்தவாறே விட்டிருந்தனர். தொலைவிலிருந்த கூடாரத்திற் செய்தி கேட்ட டீலியா அம்மையார், வரமறுத்த ஆட்களைத் திரட்டிக்கொண்டு, வழியறியாக் காட்டினூடே வந்து கணவரை எடுத்துச் சென்றார்.

பல மாதம் படுக்கையிற் கிடந்த அக்காலத்திலேதான் ஏக்லிக்கு ஓர் எண்ணம் உருவாயிற்று. ஆப்பிரிக்காவின் விலங்குகள் துப்பாக்கிக்கும் உழவுக்கும் இரையாகி வேகமாய்க் குறைந்துவருவதை அவர் மூன்று பிரயாணங்களிலும் கண்டிருந்தார். அவை முற்றும் அழிவது திண்ணம் என்றே அப்போது நம்பினார். அழியுமுன், அவற்றையும் அவற்றின் நிலத்தையும் மரத்தையும் வானத்தையும் ஒரு பெரிய மண்டபத்திலே அழியாமல் நிறுத்திவிடவேண்டும். ஆப்பிரிக்கா செல்ல இயலாத நகரத்து மக்கள் அங்கு வந்து காணவேண்டும். நடுவே யானைக் கூட்டம். இருமருங்கும் கண்ணாடிக்கப்பால் காட்சிகள். இவ்வெண்ணத்துக்குள் ஒரு முரண்பாடு இருந்ததை அவர் அந்நாளிற் காணவில்லை. அழிகின்றது என்று வருந்தும் ஒன்றை, அதனைக் காட்டுதற்காகவே மேலும் அழிக்கவேண்டியிருந்ததன்றோ?

அவர் செய்த வேறு காரியங்களைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். பெயர்ந்து உதிர்ந்த காட்சிச்சாலைச் சுவரைப் பழுதுபார்ப்பதற்கு, சிமிட்டிச் சாந்தைக் காற்றழுத்தத்தால் பீச்சும் பொறி ஒன்றை ஆக்கினார். 1911-இல் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். சுரங்கங்களிலும் அணைகளிலும் அம்முறை இன்றும் பயன்படுகின்றது. முதல் உலகயுத்தத்தில் அமெரிக்கச் சேனையின் பொறியியற் பகுதிக்கு உதவி புரிந்தார். இவற்றினும் நம் கதைக்கு நெருங்கியது அவருடைய சலனப்படக் காமிரா. நாண்டி இனத்து வீரர்கள் ஈட்டிகொண்டு சிங்கத்தை எதிர்ப்பதைப் படம் பிடிக்க அவர் முயன்றார். பழைய காமிராவைத் திருப்பி நிறுத்துமுன் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆகவே ஒரு கையாலேயே மேலும் கீழும் பக்கவாட்டிலும் தடையின்றித் திரும்பும் காமிரா ஒன்றைத் தாமே அமைத்தார். வட்டவடிவாயிருந்தமையால் படப்பிடிப்பாளர் அதனை அப்பம் என்று விளையாட்டாய் அழைத்தனர். செய்திப்படம் எடுப்போர் அதனைப் பெரிதும் கைக்கொண்டனர். 1922-இல் வெளிவந்த நானூக் என்னும் எஸ்கிமோவர் படமும் அக்காமிராவால் எடுக்கப்பட்டதே. ஓடும் விலங்கைக் கொல்லாமலே பிடிக்கும் கருவி இவ்வாறு அவர் கையாலேயே உண்டாயிற்று.

1921-ஆம் ஆண்டில், கொரில்லாக் குரங்குகளை நாடி, அப்போது பெல்ஜியர் ஆட்சியிலிருந்த காங்கோ நாட்டின் கிழக்கெல்லைக்குச் சென்றார். அங்கே கிவு ஏரிக்கு வடபால், விருங்கா என்னும் எரிமலைத் தொடர் பத்தாயிரம் அடிக்கு மேல் ஓங்கி நிற்கின்றது. மலைவாழ் கொரில்லாக்களை ஐரோப்பியர் அறிந்ததே 1902-இல். ஜெர்மானியப் படைத்தலைவர் பெரிங்கே என்பவர் அவ்வாண்டில் சுட்டுக் கொணர்ந்தார். டூ ஷையூ முதலிய பழைய பிரயாணிகள் கொரில்லாவை நரகத்திலிருந்து எழுந்த அரக்கனைப்போல் வருணித்திருந்தமையால், அதனைச் சுடுவது வீரத்தின் முடியாகக் கருதப்பட்டது. ஸ்வீடன் தேசத்து இளவரசர் வில்லியம் அதே காலத்தில் பதினான்கு கொரில்லாக்களைக் கொன்றார்.

ஏக்லி தம்முடன் பிராட்லி என்னும் நண்பரையும், அவர் மனைவியாரையும், ஆறு வயதுள்ள அவர்கள் மகளையும் அழைத்துச் சென்றார். இஃது என்ன பேதைமை என்று சிலர் வினவினர். கொரில்லா வேட்டை பெருவீரச் செயலன்று, ஒரு குழந்தையும் அம்மலைக்குச் சென்று மீளலாம் என்று காட்டிவிட்டால், பெருமைக்காகச் சுடுவோர் கூட்டம் குறையும் என்பது அவருடைய கணக்கு. அச்சிறுமியே பிற்காலத்தில் ஜேம்ஸ் டிப்ட்ரீ என்னும் புனைபெயரில் கதைகள் எழுதிப் புகழடைந்தவர்.

மலையிற் கண்டது ஏக்லியை மாற்றிவிட்டது. அவர் சுட்ட கொரில்லாக்கள் ஒன்றேனும் அவரை எதிர்த்து ஓடி வந்ததில்லை. குண்டுபட்ட பெரிய ஆண்குரங்கு ஒன்று, பாதாளத்தில் உருண்டு போகாமல் ஒரு மரத்தில் தடைப்பட்டுக் கிடந்தது. அதன் முகத்தில் கொடுமையின் குறி ஒன்றையும் அவர் காணவில்லை. சாந்தமான பெரியவர் ஒருவர் முகமாகவே அது தோன்றிற்று. வழிகாட்டிகளின் ஈட்டிபட்டு வீழ்ந்த நான்கு வயதுக் குட்டி ஒன்று சாகுமுன் அவரை நோக்கிய நோக்கை அவரால் மறக்க முடியவில்லை. அறிவியலின் பொருட்டுச் செய்கிறோம் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டிராவிடில், தம்மைக் கொலைஞர் என்றே கருதியிருப்பார் என்பதைத் தாமே பின்னர் எழுதினார். காட்சிக்கு வேண்டிய ஐந்தோடு வேட்டையை நிறுத்தினார். பிறகு காமிராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு சென்று, ஒரு தாயும் அதன் குட்டிகளும் மரத்தில் ஏறியும் இறங்கியும் இருப்பதைப் படம் பிடித்தார். காட்டில் தன்னிச்சையாய் வாழும் கொரில்லாவைக் காட்டிய முதற் சலனப்படம் அதுவே.

ஊர் திரும்பியவர் வாளாவிருந்தாரல்லர். அம்மலைகளில் எஞ்சிய கொரில்லாக்கள் மிகச் சிலவே என்றும், இன்னும் சில வேட்டைக் கூட்டங்கள் சென்றால் இனமே அற்றுப்போம் என்றும், அவ்விடத்தை வேட்டை நிகழாத காப்பகமாக்கி விஞ்ஞானிகள் தங்கி ஆராய வழிசெய்யவேண்டும் என்றும் பெல்ஜிய அரசாங்கத்தாருக்கும், அமெரிக்காவிலிருந்த அவர்தம் தூதருக்கும், அறிஞர் சங்கங்களுக்கும் இடைவிடாது எழுதினார், கூட்டங்களிற் பேசினார். பெல்ஜிய மன்னர் ஆல்பெர்ட் 1919-இல் அமெரிக்காவிற் சுற்றுப்பிரயாணம் செய்தபோது அங்குள்ள தேசியப் பூங்காக்களைக் கண்டு மகிழ்ந்தவராதலின், இவ்வேண்டுகோள் செவிடன் காதிற் சங்காகவில்லை. 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள் பிறந்த அரசாணையால், விருங்கா மலைகளில் ஆல்பெர்ட் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. ஆப்பிரிக்காவில் தேசியப் பூங்கா என்னும் பெயர்பெற்றவற்றுள் அதுவே முதல். 1929-இல் அதன் எல்லை பெரிதும் விரிந்தது. அப்போது அந்நிலத்திற் பரம்பரையாய் வாழ்ந்த குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர் என்பதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று.

இதற்கிடையில் அவருடைய இல்வாழ்க்கை முறிந்தது. 1923-இல் டீலியா அம்மையாரைப் பிரிந்து, மறு ஆண்டு மேரி ஜோப் என்னும் மலையேறும் வீராங்கனையை மணந்தார். டீலியா அம்மையாரோ, அதன்பின் காட்சிச்சாலையொன்றின் சார்பில் ஆப்பிரிக்கப் பிரயாணம் ஒன்றைத் தாமே தலைமைதாங்கி நடத்தினார்.

1926-இல், மண்டபக் காட்சிகளுக்கு வேண்டியவற்றைச் சேகரிக்க ஏக்லி கடைசிமுறையாகப் புறப்பட்டார். கோடக் காமிராச் சாலையின் அதிபர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் முதலியோர் பொருளுதவி புரிந்தனர். ஓவியர்களாகிய லீ, ஜான்சன் என்போரும் சென்றனர். மலையின் நிறத்தையும் மேகத்தின் சாயலையும் அங்கேயே இருந்து எழுதிக்கொள்ளவேண்டும் என்பது ஏக்லியின் கட்டளை. பூங்காவை அளந்து வரைபடம் எடுக்கப் பெல்ஜிய அறிஞர் டெர்ஷெய்ட் உடன்வந்தார். சமவெளிகளிற் பல மாதம் உழைத்து ஏக்லி உடல்நலம் குன்றியிருந்தார். மலையேறலாகாது என்று பிறர் தடுத்தும் கேளாது, மிக்கெனோ, கரிசிம்பி என்னும் இரு சிகரங்களுக்கு இடைப்பட்ட கபாரா என்னும் புல்வெளிக்கு ஏறினார். இறுதிப் பகுதியில் ஆட்கள் அவரைத் தூக்கிச் செல்லவேண்டியிருந்தது. ஆலங்கட்டியும் மூடுபனியும் சூழ்ந்த கூடாரத்தில், நவம்பர் 17-ஆம் நாள், அறுபத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். எரிமலைப் பாறையைக் குடைந்து அங்கேயே அடக்கம் செய்தனர். மேரி அம்மையார் மலையை விட்டு இறங்காமல் சில வாரம் தங்கி, கொரில்லாக் காட்சிக்கு வேண்டிய செடிகளையும் படங்களையும் சேகரித்து முடித்தார்.

அவர் கனவு கண்ட மண்டபம், அவர் பிறந்தநாளாகிய மே 19-இல், 1936-ஆம் ஆண்டு நியூயார்க்கிலே திறக்கப்பெற்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. நடுவே எட்டு யானைகள். சூழ இருபத்தெட்டுக் காட்சிகள். கொரில்லாக் காட்சியில், பெரிய ஆண்குரங்கு மார்பில் அறைந்து நிற்க, பின்னே பசிய சரிவும் அதற்கப்பால் புகையும் எரிமலைகளும் தெரிகின்றன. உலகிலேயே அழகான இடம் என்று ஏக்லி கருதிய இடம் அதுவாம். ஓவியர் லீ எழுதிய அம்மலைத்தொடரிலேயே அவருடைய கல்லறையும் இருக்கின்றது.

மண்டபத்தினும் பூங்காவே பெரிது என்பது எம் கருத்து. கபாராப் புல்வெளியில், அக்கல்லறைக்கு அருகிலே, 1959-இல் ஜார்ஜ் ஷாலர் என்னும் இளைஞர் துப்பாக்கியின்றித் தங்கி, கொரில்லாக்களோடு பழகி, அவற்றின் வாழ்க்கையை முதன்முறை ஒழுங்காக ஆராய்ந்து எழுதினார். 1967-இல் டயன் பாஸி அம்மையாரும் தம் ஆராய்ச்சியை அங்கேயே தொடங்கி, பின் ருவாண்டாப் பக்கத்துக்கு மாறினார். 1985-இல் அங்கே கொலையுண்டார். பழைய ஆல்பெர்ட் பூங்கா இரண்டாகப் பிரிந்து, காங்கோவில் விருங்கா என்றும், ருவாண்டாவில் எரிமலைப் பூங்கா என்றும் வழங்குகின்றது. காங்கோவின் உள்நாட்டுப் போர்களில், விருங்காவின் காவலர் இருநூற்றுவருக்கு மேல் உயிர் துறந்தனர். 1980-களின் தொடக்கத்தில் அத்தொடரிலிருந்த கொரில்லாக்கள் இருநூற்றைம்பது அளவே. உகாண்டாவின் புவிண்டிக் காட்டிலுள்ளவற்றையும் சேர்த்து மலைக் கொரில்லாக்களின் முழுத்தொகை ஆயிரத்தைக் கடந்ததென்று 2018-இல் அறிவிக்கப்பட்டது.

அவற்றைக் காணச் செல்வோருக்குச் சில விதிகள் உண்டு. பொதுவாக ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு எண்மரே காணலாம், ஒரு மணி நேரமே தங்கலாம், நெருங்கித் தொடலாகாது, நோயுற்றோர் செல்லலாகாது. மூங்கிற்காட்டிலே பல நாழிகை ஏறி, சேற்றில் வழுக்கி, செந்தட்டியாற் கடியுண்டு, கடைசியில் தழைகளை விலக்கிப் பார்க்குமிடத்தில், ஒரு பெரிய ஆண்குரங்கு சாவகாசமாய்க் காட்டுச்செடியின் தண்டை உரித்துத் தின்றுகொண்டிருக்கும். வந்தவர்களை ஒருமுறை நோக்கிவிட்டு, மீண்டும் தன் உணவிலே கருத்தைச் செலுத்தும்.